சயனைடு மேட்டில் சைக்கிள்

குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் கற்றுக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போது பிள்ளைகளுக்கு அவரவர் உயரத்துக்குச் சைக்கிள் கிடைக்கிறது. நமக்கு வாய்த்தது வீட்டு ஆண்களின் சைக்கிள். சீட்டு நம் தோளுக்கு இருக்கும். பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, இடுப்பை ஒடித்து, ஒரு கையால் ஹாண்டில்பாரையும் மறு கையால் பாரையும் பிடித்துக்கொண்டு அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதித்தோம். உங்களில் பெரும்பாலோர் ஏரிக்கரையிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ கற்றிருப்பீர்கள். நான் கற்றது மேட்டில். கோலார் தங்க வயலில் எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

அப்பா எங்களை விட்டுப் போன வருஷம் அம்மா என்னை இழுத்துக்கொண்டு தன் தம்பியிடம் வந்தாள். எனக்குப் பதினொரு வயது. குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர் தட்டையான ஊர். ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். பங்காருபேட்டையில் ரயில் மாறி, சின்ன ரயிலில் மாரிகுப்பம் வரைக்கும் வந்தோம். ரயில் முக்கி முக்கி ஏறியபோது ஜன்னலுக்கு வெளியே வெள்ளையும் சாம்பலுமாகப் பெரிய குன்றுகள் தெரிந்தன. உச்சியை அரிவாளால் சீவிவிட்டது போல இருந்தது. பக்கவாட்டில் மழைத் தண்ணீர் அறுத்த கோடுகள். ஒரு புல் இல்லை. அது என்ன மலை என்று அம்மாவைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஆள் பீடியை அணைத்துவிட்டு, "மலை இல்லம்மா, எங்க தாத்தா காலத்துலர்ந்து நாங்க கொட்டினது" என்றார்.

அதுதான் சயனைடு மேடு. பூமிக்கு அடியிலிருந்து கல்லை எடுத்து, மாவாக அரைத்து, சயனைடு கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மீந்த சேற்றைக் கொட்டிக் கொட்டி வளர்ந்தது. ஆடிக் காற்றில் அந்த மாவு கிளம்பி ஊருக்குள் வரும். தண்ணீர்க் குடத்தின் மேல் ஈரத்துணி போட்டு மூடுவார்கள். மூடினாலும் சோற்றில் நறநறவென்று கடிபடும். நாக்கில் பழைய காசைச் சப்பியது போல ஒரு ருசி தங்கும். இன்றைக்கும் எங்கேயாவது தூசிக் காற்று அடித்தால் என் நாக்கு அந்த ருசியைத் தேடுகிறது.

மாமா இருந்தது லைன் வீடு. ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொண்ட, வரிசை வரிசையான சின்ன வீடுகள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி மறுபடி மேட்டுக்கு ஏறும் தெரு. தண்ணீர்க் குழாய் பள்ளத்தில். ஷாஃப்ட் மேட்டில். ஆட்களைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி அடிக்கு இறக்குகிற அந்தக் கிணறு எங்கள் வாசலிலிருந்து தெரியாது, ஆனால் அதன் மேலே சுற்றுகிற இரும்புச் சக்கரம் எந்த வீட்டிலிருந்து பார்த்தாலும் தெரியும். அம்மா விடிவதற்கு முன்னால் இட்லி அவித்து, ஷிப்டு மாறும் நேரத்தில் ஷாஃப்ட் கேட்டில் வைத்து விற்க ஆரம்பித்தாள். அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த மேட்டை ஏறி வருவதற்குள் அவளுக்கு மூச்சு பிய்த்துக்கொண்டு போகும்.

மாமாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கறுப்பு. செயின் மேல் முழு மூடி. பின் சக்கரத்தில் டைனமோ, முன்னால் தவளைக் கண் மாதிரி விளக்கு. ஞாயிற்றுக்கிழமை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார். பெடலில் ஒரு பக்கம் ரப்பர் போய் வெறும் இரும்புக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அது கணுக்காலில் பட்ட தழும்பு இப்போதும் எனக்கு இருக்கிறது. அம்மாவின் அண்டாவைச் சைக்கிள் காரியரில் கட்டி நான் மேட்டில் ஏற்றிவிட்டால் என்ன என்று மாமாதான் முதலில் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பொம்பளைப் பிள்ளை சைக்கிள் மிதிக்கிறதாவது என்பது ஒன்று. ரோட்டில் கல் லாரிகள் பிரேக் இல்லாமல் இறங்கும் என்பது இன்னொன்று. இரண்டு நாள் அக்காவும் தம்பியும் பேசவில்லை. பிறகு மாமா ஒரு வழி சொன்னார்.

"ரோட்டுல வேணாம். சயனைடு மேட்டாண்ட போய்க் கத்துக்கட்டும். மெத்து மெத்துனு கீது, உழுந்தாலும் அடிபடாது."

அந்த மேட்டடியில் ஆடு செத்ததை அம்மா கேள்விப்பட்டிருந்தாள். அதைச் சொன்னாள்.

"அது அடியில தேங்கின தண்ணிய குடிச்சி செத்துது. இவ தண்ணிய குடிக்கலைன்னா போச்சி. அக்கா, நான் சொல்றத கேளு. கீழ தான் ஆளக் கொல்றது. மேல இருக்கறதுல இன்னா ஆவப் போவுது?"

இந்தப் பேச்சைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. அடியில் ஒரு குகைக்குள் நுழையும் முன்னால் கடப்பாரையால் கூரையைத் தட்டி, சத்தம் கேட்டு, கல் கெட்டியா பொக்கையா என்று சொல்கிற ஆள். அவர் மட்டும் இல்லை, லைனில் இருந்த எல்லா ஆண்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆபத்து என்பது கீழே இருப்பது. கேஜ் மேலே வந்து கதவு திறந்துவிட்டால் அன்றைய ஆபத்து முடிந்தது. வெயிலில் இருக்கிற எந்தப் பொருளையும் அவர்கள் சந்தேகப்பட்டதில்லை.

கீழே இருப்பது அடிக்கடி தன்னைக் காட்டிக்கொள்ளும். வந்த முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது. அலமாரியில் அலுமினியத் தட்டுகள் கிணுகிணுத்தன. எனக்கு அது பூகம்பம். எதிர் வீட்டுக்காரி சிரித்தாள். "ஏர் பிளாஸ்ட்டு" என்றாள். அடியில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதற்கு அங்கே அதுதான் பெயர். சின்ன ஆட்டத்துக்கு யாரும் அசைய மாட்டார்கள். பெரிய ஆட்டம் என்றால் ஒரு முறை உண்டு. பெண்கள் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, சோற்றுப் பானையை மூடிவிட்டு, ஷாஃப்ட்டுக்கு நடப்பார்கள். ஓட மாட்டார்கள். கேட்டுக்கு உள்ளே தகரக் கொட்டகையில் ஷிப்டில் இருப்பவர்களின் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொருத்தியும் தன் புருஷன் சைக்கிளிடம் போய், அதன் சீட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்பாள். பேச்சு கிடையாது. அழுகை கிடையாது. கேஜ் வரும், ஆட்கள் இறங்குவார்கள், ஒருவர் வந்து சைக்கிளை எடுத்தால் அவள் கையை எடுத்துவிட்டு அவன் பின்னால் நடப்பாள். நிற்கிற சைக்கிள் குறையக் குறைய, மீந்து நிற்கிற பெண்கள் சீட்டை இன்னும் அழுத்திப் பிடிப்பார்கள். நான் இதை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டாவது தடவை ஒரு சைக்கிள் சாயங்காலம் வரை நின்றது. அதை ஓட்டிக்கொண்டு போக ஆள் வராமல், அந்த அம்மாவே தள்ளிக்கொண்டு போனாள்.

எதிர் வீட்டுக்காரி என்று சொன்னேன் இல்லையா, அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். பெரிய வாய். லைன் பையன்கள் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, சைக்கிள் இவளை ஓட்டுதா இவள் சைக்கிளை ஓட்டுறாளா என்று கேலி செய்வார்கள். அவள் நின்று, அவனவன் வீட்டுக் கதையை அவனவனுக்குத் திருப்பிச் சொல்லுவாள். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் பக்கம் வருவதை விட்டார்கள். அவளுக்கு ஓட்ட ஆசை இல்லை. பின்னால் தள்ளுவதில்தான் ஆசை. காரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவாள். அவள் கால் சத்தம் பின்னால் கேட்கிற வரை எனக்குப் பயம் இல்லை.

அவள் அம்மாவைப் பெரியம்மா என்றும் அவள் நைனாவைப் பெரியப்பா என்றும் நான் கூப்பிட்டேன். பெரியப்பா அடியில் மரச்சட்டம் நிறுத்துகிற வேலையில் இருந்தார். ஏர் பிளாஸ்ட்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டால் தேடப் போகிறவர்களில் அவரும் ஒருவர். லைனில் அவருக்கு இருந்த மரியாதை அதனால்தான். நாங்கள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை, கல் மூடிய இடத்தில் எல்லாரும் இடித்துக்கொண்டிருந்தபோது, இவர் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தச் சொல்லி, பாறையில் காதை வைத்துக் கேட்டாராம். உள்ளே இருந்தவர்கள் கல்லால் தட்டுகிற சத்தம் வேறு திசையில் இருந்து வந்ததாம். அங்கே தோண்டி இரண்டு பேரை உயிரோடு எடுத்தார்கள். அதிலிருந்து லைன் பிள்ளைகளுக்கெல்லாம் அது ஒரு விளையாட்டு. ஒருத்தி போர்வைக்குள் ஒளிந்துகொண்டு தரையைத் தட்டுவாள், மற்றவர்கள் காதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். கல் மூடிக்கொண்டால் கத்தாதே, கத்தினால் மூச்சு தீரும், இரண்டு கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டே இரு என்று பெரியப்பாவே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சாப்பிடுவதற்கு முன்னால் கை கழுவு என்று சொல்வது போலச் சொன்னார்.

சயனைடு மேட்டில் மழை அறுத்த பள்ளங்களில் ஒன்று எங்களுக்குத் தோதாக இருந்தது. ஒரு மாட்டு வண்டி போகிற அகலம். தரை மட்டும் காய்ந்து சிமெண்ட் போல இறுகியிருக்கும், அங்கங்கே சின்னக் கற்கள் கிடக்கும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தாக வெள்ளைச் சுவர். நேராக மேலே ஏறி, உச்சிக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் போய் முடியும். மாமா சொன்னது சரிதான், விழுந்தால் வலிக்கவில்லை. உடம்பெல்லாம் மாவு ஒட்டிக்கொண்டு பேய் மாதிரி வீட்டுக்கு வருவோம், அம்மா வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவாள்.

முதலில் பாதி தூரம்கூட ஏறவில்லை. குரங்குப் பெடலில் மேடு ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழுச் சுற்று வராது. ஒவ்வொரு அரை மிதியிலும் சைக்கிள் நின்று, யோசித்து, பின்னால் வரப் பார்க்கும். எதிர் வீட்டுக்காரி காரியரில் தோளைக் கொடுத்து முட்டுவாள். இரண்டு பேரும் சரிந்து சுவரில் போய் மோதுவோம். மோதின இடத்தில் சுவர் கொஞ்சம் உதிரும்.

அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. மழை விட்டதும் போனபோது பள்ளத்துச் சுவரின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு நீள வெடிப்பு ஓடியிருந்தது. எதிர் வீட்டுக்காரி சைக்கிள் சீட்டில் ஏறி நின்று, எட்டி, அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே ஜில்லென்று இருக்கிறது, முழங்கை வரை போகிறது என்றாள். என்னையும் விட்டுப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். சின்ன ஏர் பிளாஸ்ட் வரும்போதெல்லாம் அந்த வெடிப்பிலிருந்து மாவு மெல்லிய நூலாக இறங்கும். சல்லடையில் சலிப்பது போல. ஒரு சத்தமும் இருக்காது. நாங்கள் அதற்கு அடியில் கையை நீட்டிப் பிடித்து விளையாடுவோம். அழகாக இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் யாராவது வந்து பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். அவர்கள் எங்களைத் தினமும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: அங்கே தேங்கின தண்ணீரைக் குடித்தீர்களா?

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு சாயங்காலம். மாமா ராத்திரி ஷிப்டு என்பதால் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார், சைக்கிள் எனக்குக் கிடைத்தது. பெரியப்பா பகல் ஷிப்டில் அடியில் இருந்தார். நாங்கள் பள்ளத்தின் அடியில் நின்று மேலே பார்த்தோம். வெயில் சாய்ந்து ஒரு பக்கச் சுவர் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் இருந்தது. இன்றைக்கு இறங்காமல் உச்சிக்குப் போகிறாய் என்று எதிர் வீட்டுக்காரி சொன்னாள். இறங்கினால் இனிமேல் தள்ள மாட்டேன் என்றும் சொன்னாள்.

மிதித்தேன். பாதி தாண்டியது. அவள் மூச்சு என் முதுகுக்குப் பின்னால் கேட்டது, கால் சத்தம் கேட்டது. முக்கால் தாண்டியது. அப்போது அவள், "நான் உட்டு ரொம்ப நேரம் ஆச்சி, போய்னே இரு" என்றாள். குரல் தள்ளி, கீழே இருந்து வந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் விழுந்துவிடுவேன். அப்படியே மிதித்து வெளிச்சத்துக்குள் ஏறிவிட்டேன்.

ஏறி, காலை ஊன்றி நின்ற உடனே தரை தூக்கிப் போட்டது. அவ்வளவு பெரிய ஆட்டம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அடிவயிற்றில் யாரோ குத்தினது போல இருந்தது. சைக்கிளோடு உட்கார்ந்துவிட்டேன். பள்ளத்தைப் பார்த்தபோது அங்கே பள்ளம் இல்லை. வெள்ளைப் புகை நின்றது. புகை இறங்கியதும், இரண்டு சுவரும் ஒன்றோடொன்று சாய்ந்து, நான் ஏறி வந்த வழி மூடியிருந்தது தெரிந்தது. பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. ஒரு மூட்டை மாவைத் தரையில் போட்ட சத்தம், அவ்வளவுதான்.

கூப்பிட்டேன். சரிந்த இடத்தில் இறங்கிக் கையால் வாரினேன். வாரின குழிக்குள் பக்கத்து மாவு வழிந்து நிரம்பியது. இன்னும் வாரினேன், இன்னும் நிரம்பியது. நான் ஒருத்தி வாரி ஆகாது என்று புரிந்தபோது கீழே ஊரில் சங்கு ஊதியது. ஷாஃப்ட்டில் விபத்து என்பதற்கு ஊதும் நீளச் சங்கு. எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள்.

மேட்டின் பின்பக்கச் சரிவில் சைக்கிளோடு உருண்டும் இறங்கியும் ரோட்டுக்கு வந்தேன். ரோட்டிலிருந்து ஷாஃப்ட் வரை ஏற்றம். அதை எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. குரங்குப் பெடலில்தான் ஏறினேன், எங்கேயும் இறங்கவில்லை. வழியில் பெண்கள் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் கத்திக்கொண்டு போனேன். ஒருத்தி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். ஷாஃப்ட்டுக்குப் போகும்போது சத்தம் போடக்கூடாது.

கொட்டகையில் பெரியம்மா பெரியப்பாவின் சைக்கிள் சீட்டில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சேலையில் அரைத்த மசாலா ஒட்டியிருந்தது. கண் கேஜ் கதவிலேயே இருந்தது.

"பெரியம்மா, மண்ணு உழுந்துடுச்சி. அவ உள்ள கீறா" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "எந்த லெவல்ல?"

லெவல் என்பது பூமிக்கு அடியில் இருக்கிற தளம். மண் விழுந்தது என்று சொன்னால் அங்கே வேறு எதைக் கேட்பார்கள்? நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் சீட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. என் தலையிலும் சட்டையிலும் இருந்த வெள்ளை மாவை அப்போதுதான் பார்த்தாள். பார்த்து, என் பின்னால் சைக்கிளைப் பார்த்து, அதற்குப் பின்னால் அவள் பெண்ணைத் தேடினாள். சீட்டிலிருந்து கை தானாக எழுந்தது.

பெரியம்மா ஓடினாள். யாருக்கு என்ன என்று கேட்காமல் இன்னும் கொஞ்சம் பேர் அவள் பின்னால் ஓடினார்கள். மற்றவர்களால் முடியவில்லை, அவரவர் புருஷன் சைக்கிள் இன்னும் நின்றது. ஆண்கள் யாரும் இல்லை, தூங்கி எழுந்த மாமா உட்பட எல்லாரும் அடியில் தேடுவதற்குத் தயாராகி கேஜ் பக்கம் போய்விட்டார்கள். சாயங்கால ஷிப்டுக்காகக் கேட்டில் இட்லி அண்டாவோடு வந்து நின்ற என் அம்மா, அண்டாவைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அதையே எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் அள்ளியது அந்த அண்டாவால். மற்றவர்கள் தட்டால், முறத்தால், கையால். சேலை முந்தானையில் வாரி இழுத்துப் போட்டார்கள். எதிர் வீட்டுக்காரியின் குரல் கடைசியாகக் கேட்ட இடத்தை நான் காட்டினேன். பெண்கள் வரிசையாக நின்று வாரியதில் வழிவதைவிட எடுப்பது கூடியது. ஒரு குழி, இடுப்பளவு, தெரிய ஆரம்பித்தது.

அடியில் அன்றைக்கு யாரும் சாகவில்லை. அது பிறகு தெரிந்தது. பெரியப்பா முதல் கேஜில் ஏறி வந்தாராம். கொட்டகையில் அவர் சைக்கிள் நின்றது, அதன் மேல் கை இல்லை. அவர் அதைப் பார்த்து நின்றாராம். லைனில் ஒரு ஆண் அப்படி வந்து நின்றதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. யாரோ மேட்டைக் காட்டினார்கள்.

தலை விளக்கைக்கூடக் கழற்றாமல், முகமெல்லாம் கல் தூசியோடு சைக்கிளில் வந்தார். இறங்கி, சைக்கிளைப் போட்டுவிட்டு, கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. எல்லாம் நிறுத்துங்க. சத்தம் இருக்கக் கூடாது."

நிறுத்தினார்கள். பெரியம்மாவும் நிறுத்தினாள். அவர் சொன்னால் அதில் பேச்சு இல்லை. அவர் குப்புறப் படுத்து, மாவின் மேல் காதை வைத்தார். ஒரு கல்லை எடுத்துத் தட்டினார். தட்டின கல் பொத்துப் பொத்தென்று உள்ளே இறங்கியது. கேட்டார். எழுந்து நாலடி தள்ளிப் போய்ப் படுத்தார். தட்டினார். கேட்டார். யாரோ இருமினார்கள், கையைக் காட்டி அடக்கினார். அந்த மாவை வாயில் அடைத்துக்கொண்டது போல எல்லாரும் நின்றோம். குழியின் ஓரங்கள் மெல்ல வழிந்து, வாரினதில் பாதி திரும்பி நிரம்பியது. எனக்கு அது எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. அப்போது எனக்கு நம்பிக்கைதான் இருந்தது. பெரியப்பா வந்துவிட்டார், கேட்டுவிடுவார், இங்கே என்று விரலை வைப்பார். நாங்கள் விளையாடின விளையாட்டு அல்லவா அது?

அவர் எழுந்து உட்கார்ந்தார். "சத்தம் இல்ல" என்றார். அதற்குப் பிறகு அவரும் வாரினார். நாங்கள் முதலில் தோண்டின அதே இடத்தில்தான், இன்னும் ஒரு முழம் கீழே, அவள் கிடைத்தாள்.

அடுத்த நாள் காலை அவளைக் கழுவியது என் அம்மா. பெரியம்மாவால் முடியவில்லை. நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். எடுத்தபோதே கை இரண்டும் முகத்துக்கு முன்னால் கூடியிருந்தன, அந்த இடத்தில் மட்டும் மாவுக்குள் ஒரு சின்ன வெற்றிடம் இருந்தது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். விரல்கள் மூடியிருந்தன. அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு கையில் ஒரு கல். இன்னொரு கையில் ஒரு கல். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டு, மஞ்சளை எடுக்கச் சொன்னாள். அதைப் பற்றி அவள் யாரிடமும், என்னிடமும், ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊரில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரியப்பா கேட்டார், சத்தம் வரவில்லை. அப்படியென்றால் விழுந்த உடனே போய்விட்டாள், கஷ்டப்படவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். பெரியம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வருஷங்களைத் தள்ளினாள். மாமா சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றவில்லை. மழையிலும் வெயிலிலும் வெளியிலேயே நின்று, டைனமோ போய், விளக்கு போய், கடைசியில் யாருக்கோ கொடுத்துவிட்டார். அவர் என்னிடம் அதற்குப் பிறகு எதையும் பாதுகாப்பானது என்று சொன்னதில்லை.

நான் ஆறாவதோடு படிப்பை விட்டேன். அம்மா இருந்தவரை அங்கே இருந்தேன், பிறகு நிற்கவில்லை. பெங்களூரில் ஊதுபத்தி உருட்டினேன். ஓசூரில் கட்டட வேலை. சில வருஷம் ஆம்பூர் பக்கம் பாலாற்றில் லாரிக்கு மணல் வாரினேன். ஒரு நாள் ஆற்றில் அடியைக் குடைந்துகொண்டே போன இடத்தில் மேல் மணல் சரிந்து, கூட வேலை செய்த ஒருவன் மேல் விழுந்தது. நான் பழக்கத்தில், எல்லாரும் நில்லுங்கள், சத்தம் கேட்கிறதா பார்க்கலாம் என்றேன். மேஸ்திரி என்னைத் தள்ளிவிட்டு வாரிக்கொண்டே கத்தினார்: "மணல்ல இன்னாடி கேக்கும்? நிறுத்தாம வாரு." வாரினோம். அவன் பிழைத்தான். வெளியே வந்து, உள்ளே இருந்து தொண்டை கிழியக் கத்தினேனே, உங்களுக்குக் கேட்கவே இல்லையா என்று கேட்டான். ஒரு முழ மணலுக்கு அந்தப் பக்கம் நின்ற எங்களுக்கு ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. பாறை சத்தத்தைக் கடத்தும். மணல் அதைத் தின்றுவிடும்.

பெரியப்பா இன்னும் இருக்கிறார். அடியில் வேலை செய்தவர்கள் அந்த வயதுக்கு வருவது அபூர்வம். பெரியம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. சுரங்கத்தை மூடிவிட்டார்கள், மகன் வழிப் பேரன் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான், பகல் முழுக்க அவர் அதே லைன் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் போனால் நான் எட்டிப் பார்ப்பேன். போன தடவை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ ஆத்துல மணல் வேலை செஞ்சவளாமே" என்றார்.

ஆமாம் என்றேன்.

"மணலு சத்தத்த உடுமா?"

வெளியே யாரோ ஸ்கூட்டரை மேட்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"உடும் பெரியப்பா. நல்லா கேக்கும்."

"தட்டினா கேக்கும்?"

"தட்டினா கண்டிப்பா கேக்கும்."

"அப்போ நான் நிறுத்தச் சொன்னது?"

"சரிதான் பெரியப்பா. அப்படித்தான் செய்யணும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். விரலால் அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"உங்கம்மாவும் இதத்தான் சொன்னா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.